அமுதசுரபிக்கு வேலையில்லாத நாள்

சிலப்பதிகாரத்தில் கதையை நகர்த்துவது ஒரு நகை. மணிமேகலையில் அந்த வேலையைச் செய்வது ஒரு சோற்றுப் பாத்திரம். இரட்டைக் காப்பியங்கள் என்று பள்ளியில் சேர்த்தே படித்துவிடுவதால் இந்த வித்தியாசம் நம் கண்ணில் சரியாகப் படுவதில்லை. ஒரு சிலம்புக்காக மதுரை எரிகிறது. கோவலனின் மகளோ கையில் பாத்திரம் ஏந்தி ஊர் ஊராகப் போய் சோறு போடுகிறாள்.

மணிமேகலையைப் பற்றி நாம் வழக்கமாகப் பேசுவது மூன்று விஷயங்கள். அது பௌத்தக் காப்பியம். கணிகையர் குலத்தில் பிறந்த பெண் துறவியான கதை. தர்க்கத்தையும் சமய வாதங்களையும் தமிழ்ச் செய்யுளில் வைத்த நூல். மூன்றும் சரிதான். ஆனால் இதை முழுசாகப் படித்து முடித்தபோது எனக்குள் தங்கியது தத்துவம் அல்ல, பசிதான். எழுதியவர் பெயரைப் பாருங்கள்: கூலவாணிகன் சாத்தனார். கூலம் என்றால் தானியம். தமிழில் பசியைப் பற்றிய மிகப் பெரிய காப்பியத்தை எழுதியவர் ஒரு தானிய வியாபாரி என்று மரபு சொல்கிறது.

நான் காஞ்சிபுரத்துக்காரன். அப்பா வழியில் தறிக்காரக் குடும்பம். எனக்குப் பிழைப்பு மென்பொருள். இந்தக் காப்பியம் எங்கள் ஊரில் வந்துதான் முடிகிறது. காஞ்சி என்றதும் எல்லோருக்கும் கோயில், பட்டு, மந்தாரை இலை போட்டு அவித்த கோயில் இட்லி என்று வரிசையாக ஞாபகம் வரும். சாத்தனார் காட்டும் காஞ்சி வேறு. அது மழை பொய்த்துப் பட்டினி கிடக்கும் நகரம். அந்த நகரத்திலிருந்து தொடங்கி, சோறும் அதிகாரமும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

*

முதலில் ஆபுத்திரன் கதை. மணிமேகலையின் கைக்கு வருவதற்கு முன் அமுதசுரபி அவனிடம்தான் இருந்தது.

பிறந்ததுமே கைவிடப்பட்ட குழந்தை. ஒரு பசு பால் கொடுத்துக் காப்பாற்றியதால் ஆபுத்திரன். ஓர் அந்தணர் எடுத்து வளர்க்கிறார். வேள்வியில் பலியிடக் கட்டி வைத்திருந்த பசுவை அவன் ராத்திரியில் அவிழ்த்துக்கொண்டு போகிறான். பிடிபட்டு அடி வாங்குகிறான். அவன் பிறப்பைச் சொல்லி ஊரை விட்டே துரத்துகிறார்கள். பிச்சை கேட்டுப் போனால் பாத்திரத்தில் கல்லைப் போடுகிறார்கள். தமிழ் இலக்கியத்தில் சாதி வெறுப்பைக் காட்டும் காட்சிகளில் இந்தக் கல்லுக்கு ஒரு தனி இடம் கொடுக்க வேண்டும் என்பேன்.

மதுரைக்கு வந்து, வீடு வீடாகப் பிச்சை எடுத்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர், யாருமற்றவர் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைத் தான் சாப்பிடுகிறான். ஒரு மழை இரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை. அப்போதுதான் சிந்தாதேவி வற்றாத பாத்திரத்தைக் கையில் கொடுக்கிறாள். அதிலிருந்து எடுக்க எடுக்கச் சோறு வரும்.

பக்திக் கதையாக இருந்தால் இங்கேயே முடிந்திருக்கும். சாத்தனார் அடுத்து வைப்பது எதிர்பாராத திருப்பம். இந்திரன் வரம் தருகிறேன் என்று வருகிறான். ஆபுத்திரன் அவனைப் பார்த்துச் சிரித்துவிடுகிறான். கோபம் கொண்ட இந்திரன் அவனைத் தண்டிக்க முடிவு செய்கிறான். என்ன தண்டனை தெரியுமா? மழை. பன்னிரண்டு வருஷமாக வறண்டு கிடந்த பாண்டி நாட்டில் மழை கொட்டுகிறது, வயல் விளைகிறது, யாருக்கும் பசி இல்லை. அவன் சோறு போட்ட அம்பலத்தில் இப்போது சூதாடுகிறவர்களும் வெட்டிப்பேச்சுக்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய் "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் கேலி செய்கிறார்கள். சாவகத்தில் பஞ்சம் என்று கப்பலில் வந்தவர்கள் சொல்ல, அங்கே போகக் கப்பல் ஏறுகிறான். வழியில் ஆள் இல்லாத மணிபல்லவத்தில் இறங்க, கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஊட்ட யாரும் இல்லாத தீவில் வற்றாத பாத்திரம் எதற்கு? அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் இருந்து உயிர் விடுகிறான்.

என் தொழிலில் ஒரு நிரலை எழுதியதும் அதற்கு எட்ஜ் கேஸ் தேடுவோம். எல்லாம் சரியாக ஓடுகிறது, சரி; உள்ளே வர வேண்டியது பூஜ்ஜியம் ஆனால் என்ன ஆகும்? சாத்தனார் தானம் என்ற அறத்துக்கு அந்தச் சோதனையை வைக்கிறார். பசித்தவர் எண்ணிக்கை பூஜ்ஜியம் ஆனால் கொடுப்பவன் என்ன ஆவான்? செத்துப்போவான் என்கிறது கதை. ஊர் நன்றாக இருக்கும் நாள் அவனுக்குக் கெட்ட நாள். பஞ்சம் இருக்கும் நாட்டைத் தேடி அவன் கப்பல் ஏறும் இடம் என்னை ரொம்ப நேரம் படிக்கவிடாமல் நிறுத்திவைத்தது. அவன் நல்லவன்தான். ஆனால் அவனுடைய நன்மை இயங்குவதற்கு வேறொருவரின் பசி தேவைப்படுகிறது.

இந்தச் சிக்கலைச் சாத்தனார் கவனிக்காமல் விட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் காப்பியத்தின் பின்பகுதி முழுக்க அவர் இதற்குத்தான் பதில் தேடுகிறார்.

*

பதில் இரண்டு இடத்தில் வருகிறது.

ஒன்று, ஆபுத்திரனின் மறுபிறவி. எந்த நாட்டுக்குச் சோறு கொண்டுபோக நினைத்தானோ அதே சாவகத்தில் புண்ணியராசன் என்ற அரசனாகப் பிறக்கிறான். அவன் நாட்டில் மழை பொய்ப்பதில்லை. பாத்திரக்காரனாக இருந்தவனைப் பாத்திரமே தேவைப்படாத நாட்டின் அரசனாக்கிவிடுகிறார் சாத்தனார். அவன் தன் பழம்பிறப்பை அறிந்து அரசைத் துறக்க நினைக்கும்போது மணிமேகலை அவனைத் திருப்பி அனுப்புகிறாள். அறம் என்பது உயிர்களுக்கெல்லாம் சோறும் துணியும் இருப்பிடமும் தருவதுதான் என்று அவள் சொல்வது இந்த இடத்தில். தனிமனிதரின் ஈகையைப் புகழும் அடியாக அதை மேடைகளில் சொல்லிப் பழகிவிட்டோம். காப்பியத்தில் அது சொல்லப்படுவது ஓர் அரசனிடம். நாட்டை விட்டுப் போகாதே, அது உன் வேலை என்ற பொருளில். அந்த மூன்றில் இரண்டாவது துணி என்பதையும் ஒரு நெசவாளர் ஊர்க்காரனாகக் குறித்துவைக்கிறேன்.

இரண்டாவது இடம் காஞ்சி. மணிமேகலை வந்து சேரும்போது ஊர் பஞ்சத்தில் இருக்கிறது. அரசன் இளங்கிள்ளி அவளை வரவேற்கிறான். ஆட்சியில் எங்காவது கோணல் வந்ததா என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்கிறான். இப்படி ஒருத்தி வருவாள், அவள் பாத்திரத்தால் உயிர்கள் பிழைக்கும், மழையும் பெய்யும் என்று தெய்வம் தனக்குச் சொன்னதாகவும் சொல்கிறான். மணிபல்லவத்தைப் போலவே ஒரு பொய்கையும் சோலையும் அமைத்திருக்கிறான். அங்கே பீடிகையில் பாத்திரத்தை வைத்து அவள் எல்லோரையும் அழைக்கிறாள். பல மொழி பேசும் மக்கள், உடல் ஊனமுற்றவர்கள், விலங்குகள் வரைக்கும் வந்து உண்கிறார்கள்.

மதுரைக் கதையில் மழை ஒரு பழிவாங்கல். காஞ்சிக் கதையில் அதே மழை அருள். மதுரையில் பாத்திரமும் மழையும் எதிரிகள். காஞ்சியில் பாத்திரம் வருகிறது, கூடவே மழையும் வாக்களிக்கப்படுகிறது. ஆபுத்திரன் கதையில் விழுந்த முடிச்சைச் சாத்தனார் எங்கள் ஊரில் வைத்துத்தான் அவிழ்க்கிறார். மழை வரும்வரைதான் பாத்திரம். ஆனால் மழை வரும்வரை பாத்திரம் கட்டாயம் வேண்டும். இதை மறந்துவிட்டு மணிமேகலையை அன்னதானக் கதையாகச் சுருக்குவது அநியாயம்.

பிறகு அறவணர் வருகிறார். தருக்கம், தருமம் என்று கடைசி இரண்டு காதைகள். வயிறு நிறைந்த பிறகுதான் தத்துவம். அமுதசுரபி அதற்கப்புறம் என்ன ஆனது என்று காப்பியம் பேசுவதில்லை. எனக்கு அந்த மௌனம் பிடித்திருக்கிறது.

*

தானிய வியாபாரியான சாத்தனார் தொடாத ஒரு கேள்வி இருக்கிறது. காஞ்சியில் பஞ்சம் வந்தபோது நெல் யாரிடம் இருந்தது? பஞ்சத்துக்கு அவர் சொல்லும் காரணம் மழை. விவசாயிக்கு அது போதும். நெசவாளிக்குப் போதாது.

என் தாத்தா குழித்தறியில் பட்டு நெய்தவர். காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து வெயிலில் காயவைப்பதைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். நூலுக்கு விறைப்பு கொடுக்க அரிசி. "நமக்கு முந்தி நூல் குடிச்சிடும்டா" என்பார் தாத்தா. வீட்டு அரிசிக் கணக்கு வேறு மாதிரி. சேலை முடிந்து, தராசில் எடை பார்த்து, கொடுத்த பட்டும் ஜரிகையும் திரும்ப வந்திருக்கிறதா என்று சரிபார்த்து, முன்பணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சம் கூலி வந்த பிறகுதான் மளிகைக் கடைப் பாக்கி தீரும். நெசவாளி நெல் விளைவிப்பதில்லை. அவருடைய சேலைக்கும் சோற்றுக்கும் நடுவில் ஒரு சந்தை நிற்கிறது.

அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட பஞ்சங்களைப் பற்றிய நூலில் சொன்னதன் சாரம் இதுதான்: ஊரில் உணவு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அதைப் பெறும் வழி உன்னிடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. பஞ்சத்தில் நெல் விலை ஏறும். அதே நேரம் புதுத்துணி வாங்குவதை எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். ஆக, நெசவாளியின் கையில் இருக்கும் பொருளுக்கு விலை இறங்கும், வாயில் போட வேண்டிய பொருளுக்கு விலை ஏறும். ரெண்டு பக்கமும் அடி.

தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876–78-ல், சென்னை மாகாணம் இதைப் பார்த்தது. செங்கல்பட்டு மாவட்டமும் பாதிக்கப்பட்டது. காஞ்சி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அன்றைய பாத்திரம் பிரிட்டிஷ் அரசின் கையில். 1877-ல் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிவைத்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. நாள் முழுக்க மண் சுமக்கும் உடம்புக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் எதிர்த்தார். நிவாரண முகாம்களில் இருந்தவர்களே வேலை செய்ய மறுத்தார்கள். தானியம் ஒருபக்கம் ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தது. உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த மணிமேகலை அச்சில் வந்தது 1898-ல். அதை முதன்முதலில் புத்தகமாகப் படித்த தலைமுறைக்குப் பஞ்சம் என்பது சொந்த ஞாபகம் என்பதை இன்று நாம் யோசிப்பதில்லை.

1950களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி விற்காமல் தேங்கியபோது தமிழ்நாட்டின் நெசவாளர் ஊர்களில் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. கஞ்சித் தொட்டி என்ற சொல்லுக்கு அன்றிலிருந்து ஓர் அரசியல் கனம் உண்டு. அது திறக்கிறவருக்குக் கருணை; ஆட்சியில் இருப்பவருக்கு அவமானம்; வரிசையில் நிற்பவருக்கு வெட்கம். 2001–02 கைத்தறி நெருக்கடியில் எதிர்க்கட்சிகள் கஞ்சித் தொட்டி திறந்ததும் இந்தக் கனம் தெரிந்துதான். நூல் விலை ஏன் ஏறியது, விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் எப்படி விற்கப்படுகிறது, கூட்டுறவுச் சங்கத்தின் நிலுவை எப்போது வரும் என்ற கேள்விகள் மழையைப் பற்றியவை. பாத்திரம் புகைப்படத்தில் நன்றாக விழும். நூல் விலை விழாது.

அதே 1950களில் மழையைப் பற்றிய பேச்சும் இருந்தது. வேட்டி, சேலை உற்பத்தியைக் கைத்தறிக்கு ஒதுக்க வேண்டும் என்று முதல்வர் ராஜாஜி மத்திய அரசிடம் கேட்டார். 1953-ல் மில் துணிமீது கூடுதல் வரி போட்டு அந்தப் பணத்தைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்குத் திருப்பும் சட்டம் வந்தது. தி.மு.க.வினர் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு அரசியலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின: நெசவாளிக்குக் கஞ்சி மட்டும் போதாது, துணி விற்க வேண்டும்.

அந்தத் துணி விற்றவர்களின் தலைவர் அண்ணா 1909-ல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் சமூகத்தில் பிறந்தவர். 1967 தேர்தலில் அவர் கட்சி வைத்த முழக்கம் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். அதில் என்னைக் கவர்வது 'படி' என்ற சொல். அது அளவு. கணக்குக் கேட்கலாம், குறைந்தால் சண்டை போடலாம். அமுதசுரபியிடம் யாரும் அளவு கேட்க முடியாது. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். நிதி போதாமல் மாநிலம் முழுக்க விரிக்க முடியவில்லை. தோல்வி என்று இதைச் சொல்வார்கள். ஆனால் அரிசி விலை அரசாங்கத்தின் பொறுப்பு என்ற எண்ணம் அதற்குப் பிறகு இங்கே போகவே இல்லை. 2008-ல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய், 2011-லிருந்து இலவசம் என்று அது வளர்ந்தது. தறி நின்றாலும் உலை வைக்க அரிசி இருக்கும் என்ற நிலை என் தாத்தாவுக்குத் தெரியாத ஒன்று.

*

நெசவாளியின் பசியை நம் கலை எப்படிப் பார்த்திருக்கிறது? பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' 55-வது தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது. வேங்கடமாக நடித்த பிரகாஷ் ராஜ் சிறந்த நடிகர் ஆனார். எங்கள் ஊரைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எடுத்த படம் வேறில்லை. அதனாலேயே அதோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

மகள் பிறந்தபோது, அவள் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டி அனுப்புவேன் என்று வேங்கடம் வாக்குக் கொடுக்கிறான். பட்டு நெய்கிறவன் வீட்டில் பட்டு கிடையாது. சேர்த்த காசு கைவிட்டுப் போகிறது. முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழையைத் திருடி, ராத்திரியில் ரகசியமாக நெய்கிறான். எப்படித் திருடுகிறான் என்பதுதான் படத்தின் உயிர்: வாயில் வைத்து. சோறு போக வேண்டிய இடத்தில் பட்டு. அதே வாயால்தான் அவன் கூலி உயர்வுக்காகக் கோஷம் போடுகிறான், வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்துகிறான். கல்யாணம் நெருங்குகிறது, சேலை முடியவில்லை, தறிக்குத் திரும்பினால்தான் இழை கிடைக்கும். வேலைநிறுத்தத்தை விட்டுக்கொடுக்கிறான். வாய்க்குள் பட்டு இருக்கும்போது பேச முடியாது என்பதை வசனமே இல்லாமல் ஒரு படம் சொன்னது என்றால் அது இதுதான்.

என் வழக்கு இங்கே தொடங்குகிறது. படம் சேலையை நம்புகிற அளவுக்குச் சோற்றை நம்பவில்லை. கூலிப் போராட்டம் என்பது வீட்டு உலையைப் பற்றியது. படத்தில் அது பின்னணி ஆகிறது. ஒரு தகப்பனின் வாக்கு முன்னணிக்கு வருகிறது. அதனால் வேலைநிறுத்தம் உடைவது ஒரு தனிமனிதனின் பலவீனமாக நமக்குத் தெரிகிறது. நிஜத்தில் நெசவாளியின் வேலைநிறுத்தத்தை உடைப்பது பெரும்பாலும் நிறைவேறாத ஆசை அல்ல, காலியான அரிசிப் பானை. முன்பணக் கடன் இருக்கும்; மளிகைக் கடைக்காரர் எத்தனை நாள்தான் கடன் கொடுப்பார்? போராட்டக் காலத்தில் யார் வீட்டில் யார் உலை வைத்தார்கள் என்ற கணக்கு தொழிற்சங்க வரலாற்றின் பாதி. கேமரா அந்த அடுப்பங்கரையில் கொஞ்சம் அதிகம் நின்றிருந்தால் அழகு குறைந்திருக்கும், உண்மை கூடியிருக்கும்.

ஆனால் முடிவில் படம் சோற்றுக்கு வந்தே ஆகிறது. சிறையிலிருந்து பரோலில் வரும் வேங்கடம், உடம்பு அசையாமல் கிடக்கும் மகளைப் பார்த்துக்கொள்ள ஊரில் யாரும் இல்லை என்று தெரிந்ததும், தன் கையாலேயே நஞ்சு கலந்த உணவை ஊட்டுகிறான். முடியாத சேலையை எடுத்துப் போர்த்தினால் முகத்துக்கும் காலுக்கும் சேர்த்துப் போதவில்லை. சோறு, துணி, இருப்பிடம் என்று மணிமேகலை அரசனிடம் அடுக்கிய மூன்றும் அந்தக் குடிசையில் ஒரே சமயத்தில் இல்லாமல் போகின்றன. படத்தைப் பார்த்து எல்லோரும் சேலைக்காக அழுதோம். அந்த உருண்டைச் சோற்றுக்காகவும் அழுதிருக்க வேண்டும்.

*

மணிமேகலையில் எனக்குள்ள பெரிய குறை ஒன்று உண்டு. பசித்தவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், பட்டியல் நீள்கிறது, ஆனால் அவர்கள் பேசுவதில்லை. தன் பசியைத் தானே விரித்துச் சொல்கிறவளாக எனக்கு நினைவுக்கு வருவது யானைத்தீ நோயால் தீராப் பசியோடு அலைந்த காயசண்டிகை ஒருத்திதான். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். உண்பவருக்குக் குரல் இல்லாத அறம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பாதி அறம்தான். அந்த மீதிப் பாதியைக் காப்பியத்துக்கு வெளியே எங்கள் பகுதி வரலாறு எழுதியிருக்கிறது.

வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்துக்குக் காங்கிரஸ் நிதி கொடுத்தது, தமிழர்கள் பலர் நன்கொடை கொடுத்தார்கள். அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிப்பந்தி. சோற்றுக்குக் குறைவே இல்லை. எல்லோருக்கும் வயிறு நிறைந்தது. ஆனால் தனித்தனியாக. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் இதை விடவில்லை. ரெண்டு பசங்க தனியா சாப்பிட்டா என்ன குடி முழுகிப்போச்சு என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். அந்தக் கசப்பு ஆறாத நிலையில்தான் 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் திரு.வி.க. தலைமையில் காங்கிரஸ் மாகாண மாநாடு கூடியது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கோரும் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள மறுத்ததும் பெரியார் வெளியேறினார். தமிழக அரசியல் திசை மாறிய இடம் எங்கள் ஊர். அதற்கான காரணங்களில் ஒன்று ஒரு பந்தி.

அந்தப் பந்தி இன்னும் முடியவில்லை. 1956-ல் காமராஜர் மதிய உணவை விரித்தபோதும், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கியபோதும், 2022-ல் காலை உணவு வந்தபோதும் ஒரே தட்டு, ஒரே வரிசை என்பது திட்டத்துக்குள்ளேயே இருந்த சமூகக் கொள்கை. ஆனாலும் 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று எதிர்ப்பு வந்தது. ஆபுத்திரன் பாத்திரத்தில் போட்ட அதே கல். பாத்திரத்தில் இருப்பது சோறா கல்லா என்பதைப் பார்ப்பதற்கு முன் அது யார் கையில் இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இன்னொரு சம்பவம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தறியை விட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கிப் பல வருஷமாகிறது. அங்கே மாதச் சம்பளம், ஷிப்ட், கேன்டீன், விடுதி எல்லாம் உண்டு. பாத்திரம் நிறைந்திருக்கிறது, மழையும் பெய்கிற மாதிரிதான் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று கேட்டவர்களுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. ராத்திரியில் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி, சுங்குவார்சத்திரம் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். நான் பெங்களூருக்குப் போகும்போதெல்லாம் பேருந்தில் தூங்கிக்கொண்டே கடக்கும் அதே சாலை. ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. விடுதிகளையும் உணவையும் சரிசெய்தாக வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு வந்தது. உலகம் முழுக்கப் போகும் போன்களைச் செய்கிற கைகள், என் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க நடுரோட்டில் உட்கார வேண்டியிருந்தது. காஞ்சிக் காதையில் பேசாமல் உண்டுவிட்டுப் போனவர்கள் பேசியிருந்தால் அது இப்படித்தான் இருந்திருக்கும்.

*

இலவசம் பற்றிய சண்டை சமூக ஊடகங்களில் ஓய்வதில்லை. என் அலுவலகத்திலும் மதிய இடைவேளையில் யாராவது தொடங்குவார்கள், அதுவும் கம்பெனி போடும் இலவசச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே. மக்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள், வேலை கொடுக்கலாமே, மீன் பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாமே என்று போகும். இதைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு வரி: மழை வரட்டும், பாத்திரம் வேண்டாம். மழைக்கு இவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. குறைந்தபட்சக் கூலி பற்றிப் பேசும்போது இவர்களில் பலர் எழுந்து கை கழுவப் போய்விடுவார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பாத்திரத்தில் தன் முகத்தை ஒட்டிக் கொடுக்கும் அரசியல், மழை பெய்துவிட்டால் தனக்கு வேலை போய்விடும் என்று உள்ளுக்குள் பயப்படும். பஞ்சம் எங்கே என்று கேட்டுக் கப்பல் ஏறிய ஆபுத்திரனின் பரிதாபம் அதில் இருக்கிறது, அவனுடைய நேர்மை இல்லை. அவன் பயனில்லாத பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டான். தேர்தலுக்குத் தேர்தல் அதைத் துடைத்து வைத்துக்கொள்ளவில்லை.

சோற்றைப் பற்றிய எந்தத் திட்டத்தையும், எந்தக் கவிதையையும், எந்தப் படத்தையும் பார்க்கும்போது நான் இப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். இது தேவைப்படாத நாள் வர வேண்டும் என்று இது விரும்புகிறதா? எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்களா? சாப்பிடுகிறவர் வாய் திறந்து உப்பு இல்லை என்று சொன்னால் யாராவது காது கொடுப்பார்களா? முதல் கேள்விக்கு மணிமேகலை ஆம் என்று சொல்கிறது, அதைச் சொல்ல ஆபுத்திரன் சாக வேண்டியிருந்தது. இரண்டாவதற்கும் ஆம். மூன்றாவதில் அது மௌனமாக இருக்கிறது. காஞ்சிவரம் படம் மூன்றாவதை ஆழமாகத் தொட்டு, முதல் கேள்வியைத் தகப்பன் பாசத்துக்குள் தொலைத்துவிடுகிறது. ரேஷன் அரிசிக்கு அளவு இருப்பதால் குறைந்தால் கேட்க முடிகிறது; ஆனால் தறிக்காரர் கூலியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

எங்கள் தெருவில் இன்று தறிச்சத்தம் ரொம்பக் குறைந்துவிட்டது. யாரும் பட்டினி இல்லை. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. என் தாத்தா இருந்திருந்தால் அவரும் நினைத்திருக்க மாட்டார். ஆனால் நெய்த சேலைக்கு நெய்தவர் வீட்டை நடத்தும் அளவுக்குக் கூலி வரும் நாள், அதாவது காஞ்சி அரசனுக்குத் தெய்வம் சொன்ன அந்த இரண்டாவது பாதி, இன்னும் பாக்கி இருக்கிறது.